அலை மூடும்வரை

"முழுசாப் படிச்சு முடிக்காம எப்படி டீச்சர் பதில் சொல்றது?" என்று கேட்டான் தணிகைவேல்.

செலின் டீச்சர் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"யாரு முடிக்கச் சொன்னா?"

"முடிக்கலைன்னா மரம் வராதே."

"எந்த மரம் சார்?"

"ஆவணத்தோட மரம். வேர், கிளை, இலைன்னு முழு மரத்தையும் மெமரியில நிக்க வச்சாத்தான் வேணுங்கிற இலையைப் பறிக்கலாம். வேலைக்குச் சேர்ந்த நாள்ல இருந்து இப்படித்தான் எழுதிட்டிருக்கேன்."

"இப்ப என்ன ஆச்சு?"

"மரம் வளருது. வளர்ந்துகிட்டே இருக்கு. கடைசியில மெஷின் மூச்சு முட்டிச் செத்துப்போகுது. இதுவரைக்கும் ஒரு இலைகூடப் பறிக்கலை."

வாசலில் உட்கார்ந்திருந்த பிலவேந்திரன் சிரித்தான். டீச்சருக்கு உதவியாக இருக்கும் உள்ளூர்ப் பையன் அவன்.

"மரத்தை வெட்டி ஒரு கட்டுமரமாச்சும் செய்யலாம்ல அண்ணாச்சி?"

தணிகைவேல் அவனை முறைத்தான். டீச்சர் அடுத்த மீனை எடுத்தார்.

ஓதக்குன்று, கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பாறை. உச்சியில் ஓட்டுக் கட்டடம் ஒன்று, உயரமான கம்பம் ஒன்று, நாலு திசையும் பார்த்த ஒலிபெருக்கிகள். கடலில் ஆங்காங்கே நங்கூரமிட்டுக் கிடக்கும் மிதவைகள் அலையையும் காற்றையும் அளந்து, ஒரே ஆவணமாகக் குன்றுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். குன்றிலிருக்கும் நிரல் அதைப் படித்து, கரைக்கு ஒலிபெருக்கியிலும் படகுகளுக்கு வயர்லெஸ்ஸிலும் ஓர் எந்திரக் குரலில் சொல்லும்.

கீழே ஊரில் அதை யாரும் நிரல் என்று சொல்வதில்லை. "குன்னு சொல்லிச்சு" என்பார்கள். குன்று நல்லது சொன்னால் படகு இறங்கும். கெட்டது சொன்னால் வலையைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

நிரல் எழுதக் கற்க வருகிறவர்களுக்கு அங்கே ஒரே ஒரு பாடம்தான். குன்றின் குரலைத் தன் கையால் ஒருமுறை புதிதாக எழுத வேண்டும். எழுதி முடித்து, சோதித்து, ஓட விட்டதும் பழைய நிரலை அழித்துவிடுவார்கள்.

"ஏன் அழிக்கணும்?" என்று வந்த புதிதில் தணிகைவேல் கேட்டிருந்தான்.

"ரெண்டு குரல் இருந்தா ஒண்ணையும் நம்பத் தோணாது" என்றார் டீச்சர்.

தணிகைவேல் வேலூர்ப் பக்கத்துக்காரன். பெரிய கம்பெனியில் பெரிய பதவியில் இருந்துவிட்டு வந்தவன். டீச்சரைவிட மூத்தவன். அவர் இவனை சார் என்பார், இவன் அவரை டீச்சர் என்பான். இருவருக்கும் அதில் சங்கடம் எதுவும் இல்லை.

மீனைக் கழுவி வைத்துவிட்டு டீச்சர் எழுந்தார்.

"பிலவேந்திரா, போய்த் திரையைப் பாரு. வர்றதை அப்படியே சத்தமா வாசி. சார், நீங்க இப்படி வந்து கையை நீட்டுங்க."

அடுப்படியிலிருந்து எவர்சில்வர் தட்டுகளை அள்ளிக்கொண்டு வந்தார்.

தணிகைவேல் இரண்டு கைகளையும் நீட்டினான். டீச்சர் ஒரு தட்டை அதில் வைத்தார்.

"இது கடல்" என்றார்.

உள்ளேயிருந்து பிலவேந்திரன் கோயிலில் வாசகம் படிப்பதுபோல் ராகம் போட்டு வாசித்தான்.

"மிதவை திறக்குது."

கடலின் மேல் இன்னொரு தட்டு வந்தது.

"அலை திறக்குது."

மூன்றாவது தட்டு.

"மூணு. அலை மூடுது."

டீச்சர் மேல் தட்டை எடுத்துக்கொண்டார்.

"காத்து திறக்குது."

வைத்தார்.

"தென்மேற்கு. காத்து மூடுது."

எடுத்தார்.

"மிதவை மூடுது."

அதையும் எடுத்தார்.

அந்த ஆவணம் அப்படித்தான். அதில் எல்லாவற்றுக்கும் ஒரு திறப்புக் குறி உண்டு, ஒரு மூடும் குறி உண்டு. நடுவில் சொல்ல வேண்டிய சேதி.

பிலவேந்திரன் வாசித்துக்கொண்டே இருந்தான். தட்டுகள் ஏறின, இறங்கின. வெயில் முற்றத்தைத் தாண்டி நடைக்கு வந்தது. பிலவேந்திரனின் குரலில் ராகம் போய்விட்டது. பிறகு குரலே கம்மியது.

"கை வலிக்குதா சார்?" என்று டீச்சர் கேட்டார்.

"இல்லை."

"எத்தனை மிதவை பேசிச்சு?"

"எண்ணலை. ஏகப்பட்டது."

"கையில எத்தனை இருக்கு?"

தணிகைவேல் குனிந்து பார்த்தான். ஒரே ஒரு தட்டு இருந்தது.

அவனுக்கு உடம்பு லேசாகச் சிலிர்த்தது. அத்தனை கடலும் தன் கை வழியாகப் போயிருக்கிறது. கை நிறையவில்லை. திறந்ததை வைத்திருந்தான், மூடியதை விட்டிருந்தான். அவ்வளவுதான் செய்திருந்தான்.

"மரமே வேண்டாம்" என்றான், தனக்குத்தானே சொல்வதுபோல.

டீச்சர் காலித் தட்டுகளை அடுக்கினார்.

"இந்தக் கீழ்த் தட்டை எப்ப வாங்கிக்குவீங்க?"

"அது கடல்லா?"

"ஆமா. கடல் எப்ப மூடும்?"

"நான் இங்க வந்தப்ப அது திறந்து கிடந்துச்சு" என்றார் டீச்சர். "எனக்குச் சொல்லிக்கொடுத்தவங்க வந்தப்பவும் திறந்துதான் கிடந்துச்சாம்."

தணிகைவேல் கையிலிருந்த தட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். முடிவு வரட்டும் என்று அவன் எழுதிய நிரல் இத்தனை நாளாக எதற்குக் காத்திருந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

"டீச்சர், அவரு தட்டைக் கொடுக்கலைன்னா நான் எதுல திங்கிறது?" என்று உள்ளேயிருந்து கத்தினான் பிலவேந்திரன்.

அதன் பிறகு தணிகைவேல் எழுதியது சின்ன நிரல். திறப்புக் குறி வந்தால் ஒரு வேலை, நடுவில் சொல் வந்தால் ஒரு வேலை, மூடும் குறி வந்தால் ஒரு வேலை. ஆவணத்தை வரிசையாகப் படித்துக்கொண்டே போகும் பார்சர், வழியில் எதைப் பார்க்கிறதோ அதற்குரிய வேலையைக் கூப்பிடும். இத்தனை காலமும் அவன்தான் பார்சரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். இப்போது அது அவனைக் கூப்பிட்டது.

சின்னச் சின்ன ஆவணங்களைத் தானே எழுதி ஓட்டிப் பார்த்தான். ஐந்தடி அலை கொடுத்தான். பத்தடி கொடுத்தான், இருபதடி கொடுத்தான். குரல் ஒவ்வொன்றையும் சரியாகச் சொன்னது. மெமரி ஏறவே இல்லை. டீச்சரும் உட்கார்ந்து பார்த்தார், தலையாட்டினார்.

பழைய நிரலை அழித்தார்கள்.

புதுக் குரல் கரைக்குப் பேச ஆரம்பித்தது. அது கடல் அடங்கிய பருவம். மூன்றடி, நான்கடி, மூன்றடி. தணிகைவேல் காலையில் எழுந்ததும் கம்பத்தின் கீழே போய் நின்று கேட்பான். பிள்ளை பள்ளிக்கூடத்தில் பாட்டுப் பாடுவதைக் கேட்கும் தகப்பன்போல நிற்பான்.

"நல்லாத்தான் பேசுது அண்ணாச்சி" என்பான் பிலவேந்திரன். "வேலூர்த் தமிழா இருந்தாலும்."

ஒரு நாள் காலை. வெயில் பளிச்சென்று இருந்தது. கடல் எண்ணெய் பூசியதுபோல் மினுங்கியது. இலை அசையவில்லை.

"தூர மிதவை. அலை உயரம் நான்கு அடி" என்றது குன்று.

பிலவேந்திரனின் அண்ணன் சூசை, படகை இறக்கிக்கொண்டு ஆழக்கடலுக்குப் போனான்.

கொஞ்ச நேரம் கழித்துத் தணிகைவேல் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான். செய்ய வேலை எதுவும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஆவணத்தைச் சும்மா பார்க்க அவனுக்குப் பிடித்திருந்தது.

மற்ற மிதவைகளின் பேச்சு ஒரே மூச்சில் வந்து விழும். தூர மிதவை அப்படியில்லை. அது வெகு தூரத்தில் கிடந்தது. சிக்னல் நோஞ்சான். திக்கித் திக்கித்தான் பேசும்.

தூர மிதவை திறந்தது.

அலை திறந்தது.

ஒன்று.

அவன் கண் திரையில் நின்றது. ஒன்று என்ற எண் மட்டும் தனியாக நின்றது. பிறகு ஒன்றும் வரவில்லை.

பிறகு, ஐந்து.

அலை மூடியது.

வெளியே குன்று கணீரென்று சொன்னது. "தூர மிதவை. அலை உயரம் ஐந்து அடி."

தணிகைவேல் திரையை நெருங்கிப் பார்த்தான்.

பதினைந்து அடி. எண் இரண்டு துண்டாக வந்திருக்கிறது. முதல் துண்டை அவன் நிரல் பிடித்தது. இரண்டாவது வந்ததும் முதலாவதைப் போட்டுவிட்டு அதைப் பிடித்தது. சோதனைக்கு அவன் எழுதிய ஆவணங்கள் இந்த மெஷினுக்குள்ளேயே இருந்தவை. அவை எதுவும் திக்கவில்லை. கடலில் இதுவரை ஒற்றை இலக்க அலைதான். திக்கினாலும் உடைய அதில் ஒன்றும் இல்லை.

அப்படியானால் காலையில் சொன்ன நான்கு?

"டீச்சர்!"

அவன் போட்ட சத்தத்தில் டீச்சரும் பிலவேந்திரனும் ஓடி வந்தார்கள். அவன் சொல்லி முடிப்பதற்குள் பிலவேந்திரனின் முகம் வெளுத்துவிட்டது.

"கள்ளக்கடல்" என்றான் அவன்.

காற்று இருக்காது, மழை இருக்காது. எங்கேயோ தூரத்தில் பிறந்த அலை சத்தமில்லாமல் வரும். ஆழத்தில் படகைத் தொட்டில் ஆட்டுவதுபோல் ஆட்டிவிட்டுப் போய்விடும். கரைப்பாறை பக்கம் வந்த பிறகுதான் எழுந்து நிற்கும். அதற்கு முன் படகு, பாறைகளுக்கு நடுவில் இருக்கும் பாறை வாயைத் தாண்டிக் கரைக்கு வந்துவிட வேண்டும்.

பிலவேந்திரன் வயர்லெஸ் மைக்கைப் பிடுங்கினான்.

"அண்ணே! உடனே திரும்புண்ணே! கள்ளக்கடல் வருது!"

கரகரவென்று சூசையின் குரல் வந்தது.

"என்னலே உளறுத? கடல் கண்ணாடி கணக்கா கெடக்கு."

"பதினஞ்சு அடிண்ணே!"

"இப்பதானலே குன்னு அஞ்சுன்னிச்சு?"

"குன்னு தப்பாச் சொல்லிட்டுதுண்ணே!"

மறுமுனையில் சிரிப்புக் கேட்டது. படகில் இருந்த மற்றவர்களும் சிரித்தார்கள்.

"போன மாசம் இப்பிடித்தான் புயலுன்னு கூப்பிட்ட. வந்து பார்த்தா உனக்குப் பொண்ணு பார்க்கப் போக ஆள் தேவைப்பட்டிருக்கு. வலை முழுக்க உள்ள கெடக்குலே. நீயில்ல, யாரு சொல்லியும் நான் வாரமாட்டேன். குன்னு சொல்லட்டும், வாரேன்."

அதற்கு மேல் அவன் பேசவில்லை.

பிலவேந்திரன் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே அழுதான். "ஒரே ஒரு தடவைதான் டீச்சர். விளையாட்டுக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்."

தணிகைவேல் டீச்சரைப் பார்த்தான்.

"பதினஞ்சுன்னு நானே நேரா எழுதி, குன்றைச் சொல்ல வச்சிடட்டுமா?"

"அதை எழுதுற நேரத்துல தப்பைத் திருத்திடலாம் சார்" என்றார் டீச்சர். "தூர மிதவை மறுபடி பேசப்போகுது. அதுக்குள்ள திருத்துங்க."

அவர் குரல் ஏறவில்லை. ஆனால் அவர் கை நாற்காலியின் முதுகை இறுக்கிப் பிடித்திருந்ததை அவன் பார்த்தான்.

உட்கார்ந்தான். திருத்த வேண்டியது இரண்டு மூன்று வரிதான். அலை திறக்கும்போது வெறும் கையோடு இரு. துண்டு வந்தால் முந்தையதோடு சேர், தூக்கிப் போடாதே. இன்னொன்று வந்தால் அதையும் சேர். மூடும் குறி வரும்வரை வாயைத் திறக்காதே.

தப்பும் தவறுமாக அடித்தான். அழித்தான். மறுபடி அடித்தான். ஓட விட்டான்.

"ஆச்சு" என்றான்.

மூவரும் திரையைப் பார்த்தார்கள்.

இனி செய்ய ஒன்றும் இல்லை. மிதவையைக் கூப்பிட முடியாது. அதுவாகத்தான் கூப்பிட வேண்டும்.

பக்கத்து மிதவைகள் பேசின. மூன்றடி. மூன்றடி. கரைக்கு இன்னும் எதுவும் வந்து சேரவில்லை. வெளியே வெயில் அப்படியே இருந்தது. கரையில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

தூர மிதவை திறந்தது.

பிலவேந்திரன் தணிகைவேலின் தோளைப் பிடித்தான்.

அலை திறந்தது.

ஒன்று.

குன்று பேசவில்லை.

"பேசலையே" என்றான் பிலவேந்திரன். "அண்ணாச்சி, பேசமாட்டேங்குதே!"

"இருப்பா."

"செத்துப்போச்சா? இதுவும் செத்துப்போச்சா?"

தணிகைவேலின் கை தானாகவே விசைப்பலகைக்குப் போனது. தப்பாக எழுதிவிட்டேனா? எதையாவது தட்டி எழுப்ப வேண்டுமா? டீச்சர் குனிந்து அவன் மணிக்கட்டைத் தொட்டார். பிடிக்கவில்லை, தொட்டார்.

அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

அந்த ஒற்றை எண் திரையில் நின்றது. அதற்குப் பின்னால் வெறும் வெளி. அந்த வெளிக்கு அந்தப் பக்கம் ஒரு முழுக் கடல் பேச எத்தனித்துக்கொண்டிருந்ததைத் தணிகைவேல் உணர்ந்தான். வாழ்நாளில் அவன் எதையும் இப்படிக் கேட்டதில்லை.

ஆறு.

பிலவேந்திரன் மூச்சை உள்ளே இழுத்தான். குன்று அப்போதும் பேசவில்லை.

அலை மூடியது.

"தூர மிதவை" என்றது குன்று. அதன் குரலில் அவசரமே இல்லை. "அலை உயரம் பதினாறு அடி."

வயர்லெஸ்ஸில் இரைச்சல். வெகு நேரம் வெறும் இரைச்சல்.

பிறகு சூசையின் குரல். அது இவர்களிடம் பேசவில்லை.

"வலையை இழுங்கலே. வராட்டி அறுத்து விடு. படகத் திருப்பு."

மூவரும் குன்றிலிருந்து ஓடி இறங்கினார்கள். குன்று சொன்னதைக் கரையும் கேட்டிருந்தது. ஆணும் பெண்ணுமாகப் படகுகளை மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சேலை விரித்து உலர்த்திய கருவாட்டை அந்தச் சேலையோடு வாரிக்கொண்டு ஓடினாள். கடல் மட்டும் ஒன்றும் தெரியாததுபோல் மினுங்கிக்கொண்டிருந்தது.

சூசையின் படகு பாறை வாய்க்குள் நுழைந்தது. தாண்டியது. மணலில் வந்து முட்டியது. குதித்து இறங்கிய சூசை தம்பியின் பிடரியில் ஓங்கி ஓர் அடி கொடுத்தான். பிறகு அவனைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"வலை போச்சுலே" என்றான். "போகட்டும்."

படகை எல்லோருமாக மேலே இழுத்தார்கள். தணிகைவேலும் கயிற்றில் கை வைத்தான். உள்ளங்கை உரிந்தது, அவனுக்குத் தெரியவில்லை.

அப்போது யாரோ "அங்க பாரு" என்றார்கள்.

காற்று இல்லை. மேகம் இல்லை. பாறைகளுக்கு அப்பால் கடல் ஒரு கோடாகத் தடித்தது. சத்தமே இல்லாமல் அந்தக் கோடு நிமிர்ந்தது. வெயில் அதன் ஊடாகப் பச்சையாகத் தெரிந்தது. சைக்கிள்காரன் சைக்கிளைப் போட்டுவிட்டு நின்றான். குழந்தைகள்கூடக் கத்தவில்லை. செலின் டீச்சர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

சூசை தணிகைவேலின் பக்கம் திரும்பினான்.

"புதுசா எழுதுனவரு நீங்கதானா?"

"ஆமா."

"இதைப் பார்த்துச் சொல்லும். எத்தனை அடி?"

தணிகைவேல் பதில் சொல்ல வாயெடுத்தான்.

அலை இன்னும் எழுந்துகொண்டிருந்தது.

"இருங்க" என்றான்.